மார்கழியில் விலைபோகும் கோழி

மார்கழி பிறந்துவிட்டால் கேரளத்தின் எல்லையோரக் கிராமங்களில் கோழி வியாபாரிகளின் நடமாட்டம் கூடிவிடுகிறது. மொபெட்டின் பின்னால் கம்பிக்கூண்டு, கையில் தொங்கு தராசு. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். இருபத்தைந்து நோன்பை முடிக்கும் வீடுகள் விருந்துக்கு நாட்டுக்கோழி தேடுகின்றன. அதே வாரங்களில்தான் புறக்கடையில் முட்டைக்கூடை காலியாகக் கிடக்கிறது. இறகு உதிர்ந்து, கழுத்து மொட்டையாகி, கையை நீட்டினால் சீறிக்கொண்டு ஓடும் பெட்டைக்கோழியைப் பார்த்து வீட்டுக்காரி சலித்துக்கொள்கிறாள். முட்டையும் இல்லை, முகமும் சரியில்லை, தண்டத்தீனி. கூண்டுக்குள் போய்விடுகிறது கோழி.

இந்த வியாபாரத்தில் பெரும்பாலும் நஷ்டம் வீட்டுக்காரிக்குத்தான். மார்கழியில் அலங்கோலமாக நிற்கும் கோழிதான் பல வீடுகளில் அந்த வருடம் அதிக முட்டை தந்த கோழி. பளபளவென்று இறகு சிலுப்பிக்கொண்டு நிற்கும் கோழிதான் மாதக்கணக்கில் சும்மா தின்ற கோழி. தோற்றத்தையும் குணத்தையும் பார்த்து விற்பவர்கள் நல்லதை அனுப்பிவிட்டு உதவாததை வைத்துக்கொள்கிறார்கள்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். இரண்டுக்கும் பொதுவானது தமிழ்நாட்டு எல்லை. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று ஒரு பக்கம். சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மறுபக்கம். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் மார்கழி இரண்டு இடத்திலும் ஒன்றுபோல வருவதில்லை.

பாலக்காட்டில் குளிர் அல்ல, காற்றுதான் பிரச்னை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்திருக்கும் கணவாய் வழியாக கோவைப் பக்கமிருந்து வறண்ட கிழக்குக் காற்று பகலிரவாக வீசும். திருவாதிரையை ஒட்டி இந்தக் காற்று அடிக்கும்; கணவாய்க் காற்றுக்காகக் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளும் நிற்கின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறிலோ கடும் குளிர். சில அதிகாலைகளில் வெப்பமானி பூஜ்யத்தைத் தொடும், புல்வெளியில் உறைபனி படியும். அங்கிருந்து இறங்கினால் வரும் மறையூர், மழை மறைவுப் பிரதேசம். வறட்சியும் குளிரும் சேர்ந்த ஊர்.

இத்தனை வித்தியாசம் இருந்தும் எல்லா ஊர்களிலும் ஒரே காலத்தில் முட்டை குறைகிறது என்றால் குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. முதல் காரணம் வெளிச்சம்.

கோழி கண்ணால் மட்டும் வெளிச்சத்தை உணர்வதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒளியை மூளையின் அடிப்பகுதியில் உள்ள செல்களே நேரடியாக அறிந்துகொள்கின்றன. பறவைகளுக்கு இந்தத் திறன் உண்டு என்பதை 1930களில் வாத்துகளை வைத்துச் சோதித்துக் காட்டினார் பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் பென்வா. பகல் நீளும்போது பிட்யூட்டரி சுரப்பி முட்டைப்பைக்கு உத்தரவு அனுப்புகிறது. பகல் சுருங்கும்போது உத்தரவு குறைகிறது. தொடர்ந்து முட்டையிட ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு சுமார் 14 மணி நேர வெளிச்சம் தேவை என்பது கோழி வளர்ப்பின் பழைய கணக்கு. பண்ணைகளில் விளக்குப் போட்டு இதை 16 மணி வரை கொண்டுபோகிறார்கள்.

லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. அங்கே கோழி ஒரேயடியாக முட்டையை நிறுத்துவதில் வியப்பில்லை. பாலக்காட்டில் மார்கழிப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆனி மாதத்து நீண்ட பகலோ பன்னிரண்டே முக்கால் மணியைத் தாண்டாது. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆகவே நம் ஊரில் வெளிச்சம் முட்டையைக் குறைக்குமே தவிர, அது ஒன்றே நிறுத்திவிடாது. மேலே மூடுபனி, கீழே காற்றுக்குப் பயந்து சாக்குப்போட்டு மூடிய கூடு என்று சேரும்போதுதான் கோழிக்குக் கிடைக்கும் வெளிச்சம் இன்னும் சுருங்குகிறது.

அதோடு தீனியும் மாறுகிறது. பாலக்காட்டு வயல்களில் முதல் போகம் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகிவிடும். மார்கழியில் இரண்டாம் போகம் பயிராக நிற்கும். சிதறிய நெல் தீர்ந்திருக்கும், ஈரத்தில் கிடைத்த புழு பூச்சியும் குறைந்திருக்கும். குளிரைத் தாங்க உடம்புக்குக் கூடுதல் தீனி வேண்டிய நேரத்தில் மேய்ச்சலில் கிடைப்பது குறைவு. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அதைக் காப்பாற்றிய பிறகு மிச்சம் இருந்தால்தான் முட்டை.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் இறகு உதிர்ப்பு. வருடத்துக்கு ஒருமுறை கோழி பழைய இறகைக் கொட்டிப் புதியதைப் போட்டுக்கொள்கிறது. பகல் சுருங்கத் தொடங்கியதும் இது ஆரம்பிக்கும். நம் ஊரில் எல்லாக் கோழிக்கும் ஒரே வாரத்தில் வராது. சிலது ஆவணியிலேயே தொடங்கும், சிலது மார்கழி வரை இழுக்கும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. முட்டைக்கும் அதே புரதம்தான் மூலதனம். ஒரே நேரத்தில் இரண்டு வேலையும் நடக்காது என்பதால் முட்டை நிற்கிறது.

யார் முதலில் உதிர்ப்பது, யார் கடைசியில் உதிர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முட்டையில் மந்தமான கோழி சீக்கிரமே உதிர்க்கத் தொடங்கும். ஒவ்வொரு இறகாக மெல்ல மெல்ல மாற்றும். ஐந்தாறு மாதம்கூட ஓய்வில் இருக்கும். ஊர் கண்ணுக்கு அது எப்போதும் லட்சணமாகவே தெரியும். நல்ல முட்டைக்கோழி கடைசி வரை முட்டையிட்டுத் தள்ளிவிட்டு, தாமதமாக, ஒரேயடியாகக் கொட்டும். இரண்டு மூன்று மாதத்தில் வேலையை முடித்துக்கொண்டு மறுபடி கூட்டில் ஏறும். மார்கழியில் பிச்சைக்காரி போல நிற்பது இந்த இரண்டாவது ரகம்.

பெரிய பண்ணைகளுக்கு இந்த ஓய்வின் மதிப்பு நன்றாகத் தெரியும். முட்டை குறைந்த கோழிகளை வலுக்கட்டாயமாக இறகு உதிர்க்க வைத்து, அடுத்த சுற்று முட்டை எடுப்பது நெடுநாள் வழக்கம். இதற்காகக் கோழிகளைப் பட்டினி போடும் முறையை நிறுத்தச் சொல்லி 2011ல் இந்திய விலங்குகள் நல வாரியம் உத்தரவிட்டது. பண்ணைக்காரர் பாடுபட்டு வரவழைக்கும் ஓய்வு, புறக்கடைக் கோழிக்கு இயற்கையாகவே வருகிறது. அந்த நேரத்தில்தான் அதை விற்கிறார்கள்.

விற்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள இறக்கையை விரித்துப் பார்த்தாலே போதும். நடுவில் ஒரு குட்டை இறகு இருக்கும். அதிலிருந்து நுனி வரை பத்து பெரிய இறகுகள். புதிய இறகு முழுதாக வளர சுமார் ஆறு வாரம் ஆகும். அந்தப் பத்தில் மூன்று நான்கு சேர்ந்தாற்போல் விழுந்து, புதியவை ஒரே உயரத்தில் முளைத்திருந்தால் அது வேகமாக உதிர்க்கும் கோழி, வைத்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் படிப்படியாக நின்றால் மந்தமானது.

இரண்டாவது சோதனை காலின் நிறம். மஞ்சள் கால் உள்ள கோழிகள் தீனியிலிருந்து பெறும் மஞ்சள் சத்தை முட்டையின் கருவுக்குக் கொடுத்துவிடுகின்றன. தொடர்ந்து முட்டையிடும்போது முதலில் முட்டை வரும் துவாரம், பிறகு கண் விளிம்பு, அலகு, கடைசியாகக் கால் என்று வரிசையாக வெளுக்கும். கால் வெளுத்திருந்தால் பல மாதம் உழைத்திருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசியில் மஞ்சள் தேய்த்தது போன்ற கால்களோடு திரியும் கோழி உழைக்கவில்லை. இந்த மஞ்சள் தோலே தென்னிந்தியக் காடுகளின் சீதனம். வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை செந்நிறக் காட்டுக்கோழிதான்; ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு, பறம்பிக்குளத்திலும் சின்னாறிலும் இன்றும் கூவித் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு கண்டறிந்தது.

குணத்தின் கதையும் காட்டிலிருந்தே தொடங்குகிறது. காட்டுக்கோழி பருவம் பார்த்து வருடத்தில் சில மாதமே முட்டையிடும். நிழலைக் கண்டாலும் பறக்கும். மனிதன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இரண்டையும் மாற்றினான். ஸ்வீடனின் லிஞ்ஷோபிங் பல்கலைக்கழகத்தில் செந்நிறக் காட்டுக்கோழிகளில் பயம் குறைந்தவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தபோது அவற்றின் உடல் எடையும் கூடியது, முட்டையும் பெரிதானது. சாந்தமும் முட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பது கிராமத்துப் பெண்களுக்கும் தெரியும். முதுகில் கை வைத்ததும் இறக்கையை விரித்து அப்படியே பதுங்கும் விடைக்கோழி சீக்கிரம் முட்டையிடும் என்பார்கள். அது சரிதான்.

ஆனால் மார்கழியில் இந்த அளவுகோல் பொய்த்துப்போகிறது. முளைக்கும் இறகின் குருத்தில் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும். எவ்வளவு பழகிய கோழியும் அப்போது கைக்கு அகப்படாது. ஒதுங்கி நிற்கும், மற்றவற்றைக் கொத்தும். அது கெட்ட குணம் அல்ல, உடம்பு நோவு. தூக்காமல், துரத்தாமல் விட்டுவிடுவதே மருந்து.

அடைக்கோழியின் சிடுசிடுப்பு வேறு ரகம். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் நாட்டுக்கோழி அடைக்கு விழும். உடம்பை உப்பிக்கொண்டு கொர்ரென்று உறுமும். 21 நாள் அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு என்று மூன்று மாதம் முட்டை கிடையாது. குஞ்சு வேண்டாமென்றால் அடை தெளிவிக்க மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் நம் ஊர் வழக்கம். மார்கழிக் குளிரில் முக்குவது கொடுமை, ஆபத்தும்கூட. அடிப்பக்கம் கம்பி வலை உள்ள கூண்டில், காற்று கீழிருந்து படும்படி மூன்று நான்கு நாள் வைத்தால் போதும். தீனியும் தண்ணீரும் குறைக்கக் கூடாது.

கோழிகளுக்குள் வரிசை முறை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. யார் யாரைக் கொத்தலாம் என்ற இந்தச் சட்டத்தை 1920களில் உலகுக்குச் சொன்னவர் நார்வே நாட்டு ஷெல்டெரப் எப்பே; சிறுவயதிலேயே கோழிகளைக் கவனிக்கத் தொடங்கியவர். புதுக்கோழி வந்தால் சண்டை, சண்டை வந்தால் முட்டை குறைவு. இறகு இல்லாத கோழி வரிசையில் கீழே இறங்கிவிடும், தீனித்தட்டில் அதற்கு இடம் கிடைக்காது. மார்கழியில் சந்தையில் வாங்கிய கோழியைக் கூட்டத்தில் விடாமல் இருப்பதும், தீனியை இரண்டு மூன்று இடத்தில் வைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

ரகத்தைப் பொறுத்தும் குணம் மாறும். அசீல் எனும் சண்டைக்கோழி முட்டையில் குறைவு, சண்டையில் அதிகம். வெள்ளை லெகார்ன் முட்டையில் அதிகம், ஆனால் பயந்த சுபாவம்; நாய் குரைத்தால் கூட்டமே மூலையில் அடைந்துவிடும். ஆஸ்திரலார்ப் சாது. இந்த இரண்டையும் கலந்து மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமலட்சுமி, கேரள வீடுகளில் நன்றாகப் பழகிவிட்டது. கூண்டில் வளர்க்கும் பி.வி.380 அடைக்கே உட்காராது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 முதல் 80 முட்டை இடும் இடத்தில் அதைப் பல மடங்கு தாண்டும். ஆனால் தீனி வாங்கிப் போட வேண்டும், குஞ்சு பொரிக்காது. இரண்டு நாட்டுப் பெட்டையும் மூன்று நான்கு முட்டை ரகமும் சேர்த்து வைத்திருக்கும் வீட்டில் மார்கழியிலும் கூடை முழுதாகக் காலியாவதில்லை.

காலியாகாமல் பார்க்க இன்னொரு வழி, குஞ்சு பொரிக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. பங்குனி, சித்திரையில் பொரித்த குஞ்சு, இடுக்கியின் ஆனி, ஆடி மழைக்குள் இறகு முளைத்துத் தேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் முட்டை இடும். முதல் வருட விடைக்கோழி பொதுவாக அந்தக் குளிர்காலத்தில் இறகு உதிர்க்காது. மூத்த கோழி ஓய்வெடுக்கும்போது இளையது குடும்பத்தைத் தாங்கும்.

விளக்கு போடலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. போடலாம், ஆனால் எல்லாக் கோழிக்கும் அல்ல. இறகு உதிர்க்கும் கோழிக்கும், முட்டைப் பருவத்துக்கு வராத விடைக்கோழிக்கும் வேண்டாம். மற்றவற்றுக்கு மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன பல்பு போதும். விளக்கை அதிகாலையில் போடுவது நல்லது. மாலையில் போட்டுத் திடீரென்று அணைத்தால் கோழி படுக்கும் கம்பில் ஏற முடியாமல் இருட்டில் தடுமாறும். வாரத்துக்கு அரை மணி என்று கூட்டி, மொத்தம் 14 மணியில் நிறுத்த வேண்டும். தொடங்கிய பின் இடையில் விட்டால் உள்ள முட்டையும் நின்றுவிடும்.

கூட்டைப் பொறுத்தவரை பாலக்காட்டுக்கு ஒரு விதி, மூணாறுக்கு ஒரு விதி. பாலக்காட்டில் கிழக்குப் பக்கம் அடைப்பு வேண்டும், காற்று நேராகக் கோழியின் மேல் படக் கூடாது. மூணாறிலும் வட்டவடையிலும் குளிரைவிட ஈரம் மோசம். எல்லாப் பக்கமும் மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் நெடியும் சேர்ந்து சளி பிடிக்கும். கோழியின் தலைக்கு மேலே காற்றுப் போக இடம் விட்டு, கீழே உமியோ தென்னை நார்க்கழிவோ கனமாகப் பரப்பி உலர்வாக வைத்தால் குளிர் தாங்கும். மாலையில் ஒரு பிடி மக்காச்சோளம் இரவுக்குச் சூடு தரும். இறகு முளைக்கக் கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கரையான். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது; இடித்த கிளிஞ்சலைத் தனியாக ஒரு சிரட்டையில் வைத்தால் வேண்டிய கோழி தானே எடுத்துக்கொள்ளும்.

எல்லாச் சோர்வையும் இறகு உதிர்ப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. உதிர்க்கும் கோழி ஒதுங்கி நிற்கும், ஆனால் தின்னும். தின்னாமல் தலை தொங்கி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். கொண்டை நீலம் பாய்ந்து அடுத்தடுத்துக் கோழிகள் செத்தால் பறவைக் காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வந்ததும், 2021 ஜனவரியில் அதே இரு மாவட்டங்களில் உறுதியானதும் இந்தக் குளிர் மாதங்களில்தான். அப்போதெல்லாம் எல்லைச் சோதனைச்சாவடிகளில் வாகனங்களுக்கு மருந்து தெளித்து, கோழி, முட்டை லாரிகளை நிறுத்தினார்கள். அந்தச் சமயத்தில் அவசரமாகக் கோழியை விற்பது நோயை ஊர் விட்டு ஊர் அனுப்புவது. செய்ய வேண்டியது, செத்ததைத் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்வது. ராணிக்கெட்டுக்குக் குஞ்சுப் பருவத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டிருந்தால் பாதிக் கவலை தீரும்.

இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தோன்றலாம். 2019ல் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழிகள் சுமார் 31.7 கோடி. முந்தைய 2012 கணக்கைவிட ஏறத்தாழ 46 சதவிகிதம் அதிகம். இதில் பெரும்பகுதி பெண்களின் கையில் இருக்கும் சொத்து. கேரளத்துக்கு வேண்டிய முட்டையின் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்து எல்லை தாண்டி வருகிறது என்றாலும், ஐந்து கோழி வைத்திருக்கும் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் பஸ் காசுக்கும் கணவனிடம் கை நீட்டாமல் கிடைக்கும் பணம் அந்த முட்டைதான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் மார்கழி விற்பனையின் நஷ்டம் தெளிவாகத் தெரியும். கார்த்திகையில் இறகு கொட்டிய நல்ல கோழி தை கடைசியிலோ மாசியிலோ மறுபடி முட்டையிடும். அதை விற்ற காசில் வாங்கும் குஞ்சு முட்டைக்கு வர ஆனி, ஆடி ஆகிவிடும். நடுவில் ஐந்து மாதம் கூடை காலி. விற்றே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் விற்க வேண்டியவை வேறு: ஆவணியில் உதிர்த்து இன்னும் முட்டைக்கு வராதவை, கால் மஞ்சள் மாறாதவை, மூன்று நான்கு வருடம் முடித்த கிழடுகள், தேவைக்கு மேல் நிற்கும் சேவல்கள். அவை பார்க்கவும் நன்றாக இருக்கும், எடையும் நிற்கும், வியாபாரியும் மறுக்காமல் வாங்குவார்.

வாசலில் மொபெட் வந்து நிற்கும்போது கோழியைப் பிடித்து ஒருமுறை இறக்கையை விரித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் ஐந்து மாத முட்டை இருக்கிறது.